உடைகிற பொம்மைக்கும் ஓர் ஊர் உண்டு

தொலைக்காட்சித் தொடரில் குடும்பச் சண்டை முற்றினால், வரவேற்பறை அலமாரியில் இருக்கும் பீங்கான் பொம்மையோ பூச்சாடியோ தரையில் விழுந்து சிதறும். வீட்டில் உள்ள முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, உடைந்த துண்டுகளை மறுபடியும் காட்டுவார்கள். அப்படிப்பட்ட பொம்மைகள் பிறக்கும் ஊர் விருத்தாசலம். நெய்வேலி வட்டாரத்து வெண்களிமண்ணை நம்பி வளர்ந்த பீங்கான் தொழிற்பேட்டை அங்கே இருக்கிறது. அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றுத்தர ஓர் அரசுப் பயிலகமும் இருக்கிறது. களிமண்ணைக் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உட்புறத்தில் களிமண் ஏடுபோலப் படியும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்து வடித்துவிட்டு, அச்சைப் பிரித்துப் பொம்மையை எடுப்பார்கள். அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் தலைமுதல் கால்வரை ஒரு கோடு துருத்தி நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, காயவைத்து, மெருகேற்றி, ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும் சூளையில் அடுக்குவார்கள். காயும்போதும் வேகும்போதும் பொம்மை சுருங்கும். அந்தக் கணக்குப் போட்டு அச்சை முதலிலேயே பெரிதாகச் செய்திருப்பார்கள். இத்தனை கைகள் பட்ட ஒரு பொருளை நம் திரை உடைக்கும்போது மட்டும் காட்டுகிறது. தமிழ்த் தொடர்களையும் படங்களையும் விடாமல் பார்க்கும் ரசிகன் என்ற முறையில் என் வாதம் இதுதான்: ஒரு மனிதர் எந்த ஊரில், என்ன வேலை செய்து பிழைக்கிறார் என்பது கதையை நடத்தினால் அந்தக் கதை நிற்கும். அதை விட்டுவிட்டால், எத்தனை திருப்பம் வைத்தாலும் கதை கால் பாவாது.

மக்கள் மனத்தில் தங்கிய தொடர்களை எண்ணிப் பாருங்கள். 2003 முதல் 2009 வரை சன் டிவியில் வந்த ‘கோலங்கள்’ தொடரில் தேவயானி ஏற்ற அபி, கட்டுமானத் தொழிலில் காலூன்றப் போராடியவள். வில்லன் ஆதியோடு அவளுக்கு மூண்ட பகை தொழிலிலும் மோதியதால்தான் அத்தனை வருடம் தாங்கியது. 2018-ல் தொடங்கி ஐந்து ஆண்டு ஓடிய விஜய் டிவியின் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடருக்குக் குன்றக்குடி என்று ஓர் ஊர் இருந்தது. தலைப்பிலேயே ஒரு மளிகைக் கடை இருந்தது. நான்கு அண்ணன் தம்பிகள், ஒரே கல்லாப்பெட்டி. அந்தக் குடும்பத்தின் பாசமும் விரிசலும் அந்தக் கல்லாவைச் சுற்றியே நடந்தன. 2023 ஜனவரியில் தொடங்கிய ‘சிறகடிக்க ஆசை’யில் முத்து கார் ஓட்டுகிறான், மீனா பூக்கட்டி விற்கிறாள். மாமியார் மருமகளை இகழ்வது பழைய கதைதான். ஆனால் இங்கே அந்த இகழ்ச்சி பூக்கூடையைப் பார்த்து வருகிறது, மீனா நிமிர்வதும் அதே பூக்கூடையை வைத்துத்தான். 2022-ல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ இதையே தலைகீழாகச் செய்தது. படித்த மருமகள்களை வேலைக்குப் போகவிடாமல் வீட்டுக்குள் அடைத்துவைக்கும் ஆதி குணசேகரன்தான் அதன் மையம். அந்தப் பாத்திரத்தில் மறைந்த மாரிமுத்து கொண்டுவந்த தேனி மண்ணின் பேச்சு தமிழ்நாடு முழுக்கப் பரவியது. வேலை கிடைக்காத வலியும் வேலையைப் பற்றிய கதைதான் என்பதை அந்தத் தொடர் உணர்ந்திருந்தது.

படங்களிலும் இதே நிலைமைதான். 2010-ல் வந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’வை இன்றுவரை பேசுகிறோம் என்றால், ரங்கநாதன் தெருத் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களின் கால்வலி அதில் இருந்ததால்தான். 2024-ல் மாரி செல்வராஜின் ‘வாழை’யில் தாருக்கு ஒரு ரூபாய்க் கூலி உயர்வும், சரக்கு ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களையும் ஏற்றுவதும்தான் கதையை அதன் துயர முடிவுக்கு இழுத்துப்போகின்றன. 2025 தொடக்கத்தில் வந்த ‘குடும்பஸ்தன்’ ஒருவனுக்கு வேலை போவதையும், அதை வீட்டில் மறைத்துக் கடன்மேல் கடன் வாங்குவதையும் மட்டும் வைத்துக்கொண்டு அரங்கை நிறைத்தது. காரணம் எளிது. வேலை என்று ஒன்று இருந்தால் நேரம் இருக்கிறது, கூலி இருக்கிறது, மேலே ஒரு முதலாளி இருக்கிறார், உடம்பில் களைப்பு இருக்கிறது, மாதக் கடைசி இருக்கிறது. கதை நகர இவையே போதும். தொழில் இல்லாத கதையில் பகை மட்டும்தான் மிஞ்சும். பகைக்குக் காரணம் தீர்ந்துபோனால் பாலில் விஷம், ஆள்கடத்தல், நினைவு தப்புதல், ஒரே முகத்தில் இன்னொருத்தி என்று கதாசிரியர் எங்கெங்கோ ஓட வேண்டியிருக்கிறது. அவர் அப்படி ஓடுவதற்கு அவருடைய திறமைக் குறைவு காரணம் என்று நான் நினைக்கவில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட குடும்பத்துக்கு வீடு மட்டும் உண்டு, பிழைப்பு கிடையாது. அதுதான் கோளாறு.

ஊர் என்ற விஷயத்துக்கு வந்தால், கடலூர், விழுப்புரம் வட்டாரமான எங்கள் நடுநாட்டின் பங்கு மிகவும் சொற்பம். மதுரை திரையில் நிறைய உண்டு. கோவையும் நெல்லையும் தஞ்சையும் உண்டு. சென்னையைச் சொல்லவே வேண்டாம். எங்கள் மண் வந்தது என்றால் பெரும்பாலும் பத்திரக்கோட்டைக்காரரான இயக்குநர் தங்கர் பச்சான் கொண்டுவந்தது. ‘அழகி’யும் ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ம் பலாவையும் முந்திரியையும் திரைக்கு அழைத்துவந்தன. இந்த வட்டாரம் சினிமாவை நேசிப்பதில் யாருக்கும் குறைந்ததில்லை. 2006 சட்டமன்றத் தேர்தலில் தேமுதிக வென்ற ஒரே தொகுதி விருத்தாசலம். வென்றவர் நடிகர் விஜயகாந்த். இவ்வளவு அன்பைப் பெற்ற திரை இந்த ஊரின் சூளையை, முந்திரிக் கொல்லையை, ரயில் சந்திப்பைப் பெரிதாக ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ‘கொல்லை’ என்றாலே பல பக்கங்களில் வீட்டின் பின்புறம். இங்கே அது பயிர் விளையும் நிலம். ‘ஆயா’ என்றால் பலருக்குப் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்ப்பவர், இங்கே பாட்டி. 2022-ல் வந்த ‘சுழல்’ இணையத் தொடர் மயானக் கொள்ளைத் திருவிழாவை அழகாகப் பயன்படுத்தியது. மேல்மலையனூர் அங்காளம்மனோடு சேர்ந்த அந்த விழாவைக் கற்பனையான ஒரு மலையூரில் நடத்திக் காட்டியது. எங்கள் வழிபாடு போய்ச் சேர்ந்தது, எங்கள் ஊர் போகவில்லை. கதைக்குப் பஞ்சமா என்றால் அதுவும் இல்லை. விருத்தாசலத்தில் இருந்து எழுதும் இமையத்துக்கு ‘செல்லாத பணம்’ நாவலுக்காக 2020-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. பக்கத்து மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே நடுநாட்டுச் சொற்களுக்கு ஓர் அகராதி தொகுத்தவர். அவருடைய ‘நெடுஞ்சாலை’ பணிமனையின் தற்காலிகத் தொழிலாளர் வாழ்க்கையைச் சொல்லும் நாவல். அதைப் படிப்பவருக்கு நூறு அத்தியாயத் தொடர் ஒன்று கண்முன் விரியும்.

இந்த வட்டாரத்துக் கதை ஒன்று உலகம் முழுக்கப் போன நாளும் உண்டு. 2021 நவம்பர் 2-ஆம் தேதி அமேசான் பிரைமில் வெளியான த.செ. ஞானவேலின் ‘ஜெய் பீம்’, விருத்தாசலத்தை அடுத்த முதனை கிராமத்து ராஜாக்கண்ணு 1993-ல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கை அடிப்படையாகக் கொண்டது. அவருடைய மனைவி பார்வதி நியாயம் கேட்டு உயர் நீதிமன்றம்வரை போனார்; அவருக்காக வாதாடியவர் பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு. படத்தில் ஊரின் பெயர் மாறியது, குறவர் சமூகத்து மனிதர்கள் இருளர்களாக ஆனார்கள். ஆனாலும் படம் ஏன் நெஞ்சை அறுக்கிறது? படத்தின் ராஜாக்கண்ணுவையும் அவன் மனைவி செங்கேணியையும் நாம் முதலில் வேலை செய்பவர்களாகத்தான் சந்திக்கிறோம். வரப்பில் எலி பிடிக்கிறார்கள், செங்கல் சூளைக்குப் போகிறார்கள். பெரிய வீட்டில் பாம்பு புகுந்துவிட்டது என்று கூப்பிட்டதால் அவன் அங்கே போகிறான். அந்த வீட்டில் நகை காணாமல் போனதும் பழி அவன்மேல் விழுகிறது. அவன் தொழில்தான் அவனை அந்த வாசலுக்கு அழைத்துப்போனது, அவன் சாதிதான் அவனைக் குற்றவாளி ஆக்கியது. பழி விழும்போது அவன் வெளியூர்ச் சூளையில் கல் அறுத்துக்கொண்டிருக்கிறான். நீதிமன்றக் காட்சிகள் பிற்பாடு எழுந்து நிற்பது இந்த முதல் அரைமணி நேரத்தின் தோளில்தான். அவன் கைகள் என்ன செய்தன என்பதைப் பார்த்துவிட்டதால், அந்தக் கைகளை முறிக்கும்போது நம்மால் உட்கார முடியவில்லை.

இதே படத்தைக் காட்டித்தான் சிலர் என் வாதத்தை மறுப்பார்கள். ஊர், தொழில், சாதி என்று கிட்டப் போனால் சண்டைதான் வரும், ‘ஜெய் பீம்’ பட்ட பாட்டைப் பார்க்கவில்லையா என்பார்கள். சண்டை வந்தது உண்மை. காவல் அதிகாரியின் வீட்டில் மாட்டியிருந்த ஒரு நாள்காட்டியின் படம் வன்னியர் சமூகத்தைக் குறிப்பதாக எதிர்ப்புக் கிளம்பியது. அந்தப் படம் மாற்றப்பட்டது. இயக்குநரும் வருத்தம் தெரிவித்தார். படத்துக்கு வட்டார வழக்கு அமைத்துக் கொடுத்த கண்மணி குணசேகரனே தான் வாங்கிய தொகையைத் திருப்பி அனுப்பினார். புண்பட்டவர்களின் குரலை இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் பிரச்சினை ஊரைத் துல்லியமாகக் காட்டியதால் வந்ததா என்று யோசிக்க வேண்டும். ஊர்ப்பெயரையும் சமூகத்தையும் மாற்றிவிட்ட பிறகு, சுவரில் தொங்கிய ஒரு பொருளில் இருந்து அது வந்தது. நடந்த கதையைச் சொல்லும்போது பாதியை மாற்றி, பாதியை அப்படியே வைத்தால், மாறாத ஒவ்வொரு பொருளையும் ஊர் உற்றுப் பார்க்கும். ஆகவே விவரம் ஆபத்து என்ற முடிவுக்கு இந்தச் சம்பவம் நம்மைக் கொண்டுபோகாது. சுவரில் மாட்டும் நாள்காட்டி வரைக்கும் விவரத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றே அது சொல்லித்தருகிறது. அந்தப் பொறுப்பை ஏற்க ஊர்க்காரர்கள் கூட இருக்க வேண்டும். படம் முடிந்த பிறகு பேச்சு வழக்கைப் பார்த்துச் சொல்ல மட்டும் அழைத்தால் போதாது.

இன்னொரு மறுப்பு வீட்டுக்குள் இருந்து வரும், அதற்கு நான் மதிப்பு கொடுக்கிறேன். பகல் முழுக்க உழைத்துவிட்டு வருகிறவர்கள் ராத்திரியும் உழைப்பையே பார்க்க வேண்டுமா, பட்டுப்புடவையும் பெரிய வீடும் கொஞ்ச நேரம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்ற கேள்வி அது. கண்குளிர்ச்சி தேவைதான். ஆனால் மக்கள் விரும்பிப் பார்த்ததாக நான் மேலே சொன்ன தொடர்களில் பூக்காரி, கார் ஓட்டுநர், மளிகைக் கடைக்காரர்தான் இருக்கிறார்கள். உழைத்துக் களைத்தவர் திரையில் தேடுவது உழைப்பே இல்லாத உலகத்தை என்று எனக்குத் தோன்றவில்லை. தன் உழைப்புக்கு மரியாதை கிடைக்கும் உலகத்தையே அவர் தேடுகிறார். பிறகு, இன்றைய தொடர்களில்தான் வேலைக்குப் போகும் நாயகிகள் நிறைந்திருக்கிறார்களே என்றும் கேட்கலாம். ‘கயல்’ நர்ஸ், ‘சிங்கப்பெண்ணே’ ஆனந்தி கிராமத்தில் இருந்து சென்னைக்கு வந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தவள். நல்ல தொடக்கங்கள், மனமாரப் பாராட்டுகிறேன். எனக்குள்ள குறை, இந்த வேலைகள் அறிமுகத்தில் இருக்கும் அளவுக்குத் திருப்பங்களில் இல்லை என்பதுதான். ஒரு நர்ஸின் இரவுப்பணி அவளுடைய குடும்பக் கதையை எப்படிப் புரட்டிப்போடும்? தையல் பிரிவில் ஒரு மணிக்கு இத்தனை துண்டு என்ற இலக்கு ஒருத்தியின் காதலை, நட்பை, உடம்பை என்ன செய்யும்? சீருடை மாட்டிவிட்டதோடு நின்றுவிடாமல் இந்தக் கேள்விகளை நூறாவது, இருநூறாவது அத்தியாயத்திலும் கேட்டால், வில்லிக்கு இத்தனை வேலை இருக்காது.

வட்டாரப் பேச்சு வைத்தால் மற்ற மாவட்டத்தாருக்குப் புரியாது, வேறு மொழிக்கு விற்க முடியாது என்பது வணிகர்களின் வாதம். 2025 மே மாதம் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் சசிகுமாரும் சிம்ரனும் ஈழத்தமிழில் பேசினார்கள், கடல் தாண்டிய அந்தத் தமிழைத் தமிழ்நாடு முழுக்கச் சிரித்தும் அழுதும் கேட்டது. ஈழத்தமிழ் புரிகிறவருக்கு மணக்கொல்லைத் தமிழ் புரியாமல் போகாது. வேறு மொழிக்குப் போவதைப் பற்றியும் நல்ல சான்று கையில் இருக்கிறது. ‘சிறகடிக்க ஆசை’யை இந்தியில் ‘உட்னே கீ ஆஷா’ என்று எடுத்தபோது, அந்தப் பூக்காரியையும் ஓட்டுநரையும் மும்பையில் ஒரு மராத்தியக் குடும்பத்துக்குள் வைத்தார்கள். பிழைப்பு தெளிவாக இருந்ததால் கதை பயணம் போனது. போன இடத்தில் அந்த ஊரின் உடுப்பைப் போட்டுக்கொண்டது. நம் இளைஞர்கள் விழுந்து விழுந்து பார்க்கும் கொரியத் தொடர்களில் 2025-ல் வந்த ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’ ஜேஜு தீவின் கதை. மூச்சை அடக்கிக் கடலடியில் சிப்பி சேகரிக்கும் பெண்களின் உழைப்பில் அது தொடங்குகிறது. அதன் கொரியத் தலைப்பு தலைநகர் சியோல்காரருக்கே சட்டென்று விளங்காத ஜேஜு வழக்கு; ‘மிகவும் பாடுபட்டீர்கள்’ என்பதுபோல ஒரு பொருள். உழைத்தவரைப் பார்த்துச் சொல்லும் அந்த வட்டாரச் சொல்லை அப்படியே தலைப்பாக வைத்த தொடர்தான் உலகம் சுற்றியது. பிரிட்டனில் 1960-ல் தொடங்கி இன்னும் ஓடும் ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ மான்செஸ்டர் பக்கத்து உழைப்பாளர் தெரு ஒன்றைவிட்டு நகரவே இல்லை. அறுபது வருடத்துக்கு மேல் ஒரு தெருவில் கதை ஊறுகிறது என்றால், விருத்தாசலத்துக் கடைவீதியிலும் ஊறும்.

கடைசியாகப் பணமும் நேரமும். வாரத்துக்கு ஆறு நாள் ஒளிபரப்பும் தொடருக்குத் தினமும் ஓர் அத்தியாயம் வேண்டும். சென்னையைச் சுற்றி வாடகைக்குக் கிடைக்கும் பங்களாவை விட்டுவிட்டுக் கேமராவோடு ஊர் ஊராகப் போக முடியாது என்பார்கள். இது நியாயமான சிரமம், நான் மறுக்கவில்லை. முழுத் தொடரையும் வெளியூரில் எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வரவேற்பறை செட் போடுகிறவர்கள் ஒரு பட்டறைச் செட்டும் போடலாம்: வரிசையாக அச்சுகள், கூழ்த் தொட்டி, காயும் பலகைகள். ஊருக்கு வந்து சில நாள் வெளிப்புறக் காட்சிகளை எடுத்துக்கொண்டால் மாதக்கணக்கில் பயன்படும். கதை விவாதத்தில் அந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்கு ஒரு நாற்காலி போடலாம். நடுநாட்டு நாவல்களுக்கு முறையாக உரிமை வாங்கி, நூறு அத்தியாயத்தில் முடியும் தொடர்களாகச் செய்யலாம். செலவுக்கு அஞ்சி நாம் இப்போது செய்வதோ மறுவார்ப்பு. ‘பாக்கியலட்சுமி’ வங்காளத் தொடர் ஒன்றில் இருந்து வந்தது. ‘தலைவெட்டியான் பாளையம்’ இந்தி ‘பஞ்சாயத்’தில் இருந்து வந்தது. இரண்டும் நல்ல கைகளில்தான் இருந்தன. ஆனாலும் ஒரு தமிழ்க் கிராமத்துப் பஞ்சாயத்து அலுவலகத்தைத் தமிழில் பார்ப்பதற்கு உத்தரப் பிரதேசத்து அச்சு தேவைப்பட்டது என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. பிளாஸ்டர் அச்சு எத்தனை நல்லதானாலும் ஊற்ற ஊற்றத் தேயும். முதலில் மழுங்குவது மூக்கும் கண்ணும் விரல்களும்தான். அப்புறம் வரும் பொம்மைகள் எல்லாம் பொம்மையாக இருக்கும், யாருடைய முகம் என்று மட்டும் தெரியாது. அப்போது பட்டறைக்காரர் கூழைக் குறை சொல்ல மாட்டார். மூல உருவத்தை எடுத்துப் புது அச்சு பண்ணுவார்.

நம் திரைக்கு மூல உருவம் ஊர்களில்தான் இருக்கிறது. அச்சுக்கோடு சீவும் பெண்ணுக்கு எத்தனை பொம்மைக்கு எவ்வளவு கூலி, சூளையில் ஒரு தட்டு விரிசல் விட்டால் நட்டம் யார் தலையில் விழும், கொலுக்காலம் முடிந்த பிறகு அடுப்பு எதை நம்பி எரியும், படித்த மகள் அந்தப் பட்டறையை நடத்துவாளா, திருப்பூருக்குப் பஸ் ஏறுவாளா? இந்த நான்கு கேள்விக்குள் காதலும் உண்டு, பகையும் உண்டு, மாமியாரும் உண்டு. ஒரு ரசிகனாக நான் கேட்பது பெரிய புரட்சி எதையும் இல்லை. அடுத்த முறை அலமாரியில் இருந்து ஒரு பொம்மை விழுந்து உடையும்போது, அந்தத் துண்டுகளைக் குனிந்து பொறுக்குகிறவள் விளிம்பைத் தடவிப் பார்த்து, “இது எங்க ஊருது” என்று சொல்லத் தெரிந்தவளாக இருக்கட்டும். அவள் அதை எப்படி அறிந்தாள் என்று கேட்டால் போதும். அங்கிருந்து ஒரு தொடர் தொடங்கிவிடும்.